வெனிஸில் மலிவாகத் தங்க: தீவுக்குள்ளா, ஜுடெக்காவா, மெஸ்த்ரேயா?

இத்தாலி சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் ஹாஸ்டலைச் சட்டென்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிட நடை, கட்டிலுக்கு எவ்வளவு, காலை உணவு உண்டா என்று பார்த்தால் வேலை முடிந்தது. வெனிஸ் வந்ததும்தான் குழப்பம். முன்பதிவுத் தளத்தில் 'வெனிஸ்' என்று அடித்தால் 28 யூரோவுக்கும் கட்டில் வருகிறது, 55 யூரோவுக்கும் வருகிறது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி அடுக்குக் கட்டில்தான். அப்புறம் எதற்கு இந்த வித்தியாசம்?

எதற்கென்றால், இரண்டும் ஒரே ஊர் இல்லை. நகராட்சிக் கணக்கில் எல்லாம் வெனிஸ்தான். ஆனால் ஒன்று காயலுக்கு நடுவில் தீவுகளின் மேல் நிற்கும் பழைய நகரத்தில் (கீழே வெறுமனே 'தீவு' என்பது இதுதான்) இருக்கும், இன்னொன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலப்பரப்பில், மெஸ்த்ரே போன்ற இடத்தில் இருக்கும். நடுவில் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாலம். ரயில் பாலம் 1846-இல் வந்தது, சாலைப் பாலம் 1933-இல். ரயில் சாந்தா லூசியா ஸ்டேஷனோடு நின்றுவிடும். பஸ், கார் எல்லாம் பியாசாலே ரோமா என்ற முனையத்தோடு சரி. அதற்கு மேல் நடை, இல்லாவிட்டால் படகு. ஆம்புலன்ஸ்கூடப் படகுதான்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெனிஸில் கட்டில் வாடகையை ஒப்பிட்டுப் பார்ப்பது பாதி வேலைதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீரைக் கடக்கப் போகிறோம், எதில் ஏறிக் கடக்கப் போகிறோம், எந்த நேரத்தில் என்பது மீதிப் பாதி. அதைப் பார்க்காமல் போடும் பட்ஜெட் அங்கே போய் இறங்கிய முதல் நாளே உடையும்.

## எதை எதைப் பார்க்க வேண்டும்

படகுச் செலவு. ஊருக்குள் ஓடும் பொதுப் படகுக்கு வாப்பரெட்டோ என்று பெயர். வெளியூர்க்காரர்களுக்கு ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை ஏறி இறங்க 950 ரூபாய். அதனால்தான் எல்லோரும் பாஸ் வாங்குகிறார்கள்: 24 மணி நேரத்துக்கு 25 யூரோ, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45, ஏழு நாளுக்கு 65. இதே பாஸில் நிலப்பகுதியின் டவுன் பஸ்ஸிலும் டிராமிலும் போகலாம். விமான நிலைய பஸ்ஸுக்கு மட்டும் தனிக் கட்டணம். ஆனால் மெஸ்த்ரேயிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பியாசாலே ரோமா வரும் சாதாரண பஸ்ஸுக்கு 1.50 யூரோதான். ஆக, காசைத் தின்பது தூரம் இல்லை, படகு. நாலு கிலோமீட்டர் பஸ்ஸில் வர 150 ரூபாய். ஐந்து நிமிடம் படகில் கடக்க 950. இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் கீழே சொல்லப்போகும் எல்லாமே எளிது.

காலையும் ராத்திரியும். பகல் பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சந்துகளில் நகர்வதே பாடு. எதிரே வருகிறவருக்காகச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்கு அதே சந்தில் குப்பை வண்டி தள்ளுகிறவரும், படகிலிருந்து தண்ணீர் பாட்டில் பெட்டிகளைக் கைவண்டியில் ஏற்றி, படிக்குப் படி தடதடவென்று பாலத்தின் மேல் இழுக்கிற ஆளும்தான் இருப்பார்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேலும் அப்படித்தான். இந்த இரண்டு நேரமும் தீவில் தங்குகிறவர்களுக்குத் தானாகக் கிடைக்கும். மற்றவர்கள் அலாரம் வைத்து எழுந்து வர வேண்டும்.

பெட்டி. ஊருக்குள் நானூற்றுக்கும் மேல் பாலம். பெரும்பாலானவற்றில் ஏறவும் இறங்கவும் படிதான். சாந்தா லூசியாவிலிருந்து விடுதி பத்து நிமிட நடை என்று வரைபடம் சொல்லும். நடுவில் எத்தனை பாலம் என்று சொல்லாது. தோளில் மாட்டும் பை என்றால் கவலை இல்லை. ஊறுகாய், பருப்புப் பொடி, மின்சார குக்கர் எல்லாம் வைத்த 23 கிலோ சூட்கேஸ் என்றால், ஒவ்வொரு பாலத்திலும் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

சாப்பாடு. சைவமோ, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்பவரோ, சமையலறை இருக்கும் விடுதியா என்று பார்ப்பது நல்லது. வாங்கிவந்து எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே எடுபடாது. சான் மார்கோ சதுக்கத்தில் தரையிலும் படியிலும் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம் உண்டு.

வரி. ராத்திரித் தங்கல் வரி ஒன்று உண்டு. தலைக்கு, இரவுக்கு, முதல் ஐந்து இரவு வரைக்கும். விடுதியின் தரத்தையும் இடத்தையும் பொறுத்துத் தொகை மாறும். பெரும்பாலும் முன்பதிவு விலையில் சேர்ந்திருக்காது, ரிசப்ஷனில் தனியாகக் கேட்பார்கள். இது போக, பகலில் வந்து திரும்புகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் என்று ஒன்றை 2024 ஏப்ரலில் ஆரம்பித்தார்கள். 2025-இல் கூட்டம் அதிகமான 54 நாட்களில், காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணி வரை நுழைகிறவர்களிடம் வசூலித்தார்கள். முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் கட்டினால் 10. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் ராத்திரி தங்குகிறவர்களுக்கு இது கிடையாது. மெஸ்த்ரேயும் அந்த எல்லைக்குள் வரும். ஆனால் விலக்கு என்று இணையத்தில் பதிந்து கியூஆர் கோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊரில் தங்கி வருகிறவர் கட்டத்தான் வேண்டும்.

## தீவுக்குள் ஹாஸ்டல்

பழைய நகரத்துக்குள் ஹாஸ்டல்கள் குறைவு. இருக்கிறவற்றில் பாதி, முன்பு மடமாகவோ மாணவர் விடுதியாகவோ இருந்த கட்டடங்கள். கன்னாரேஜோ வட்டாரத்தில் ஜெசுயித்தி தேவாலயத்துக்குப் பக்கத்தில் க்ரோச்சிஃபெரி துறவிகளின் பழைய மடம் ஒன்று இப்போது 'கோம்போ' என்ற ஹாஸ்டலாக இருக்கிறது. நடுவில் தூண்கள் சூழ்ந்த முற்றம், சுற்றிலும் அறைகள். இரண்டு நிமிடம் நடந்தால் முரானோ, புரானோ தீவுகளுக்குப் படகு புறப்படும் ஃபொண்டமெந்தே நோவே துறை.

தீவுக்குள் கட்டில் தேடுகிறவர்கள் சான் மார்கோவை விட்டுவிட்டு இந்தக் கன்னாரேஜோ பக்கமே பார்க்கலாம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம், படகு வேண்டாம். இங்கே பல்பொருள் அங்காடிகள் இருக்கின்றன. அதில் ஒன்று 'தியாத்ரோ இத்தாலியா' என்ற பழைய திரையரங்குக்குள் நடக்கிறது. சுவரோவியத்துக்குக் கீழே தயிர் டப்பாவும் தக்காளியும் அடுக்கி வைத்திருப்பார்கள். விலை மற்ற ஊர் அங்காடி விலைதான், சுற்றுலா விலை இல்லை. சாயந்திரம் ஒர்மேசினி கால்வாய்க் கரையில் உள்ளூர்ப் பிள்ளைகள் கூடும் கடைகளில் உட்கார்ந்து குடிக்க, கொறிக்க ஆகும் செலவும் சான் மார்கோவில் ஆவதைவிடக் குறைவுதான்.

வாடகை மற்ற எல்லா இடத்தையும்விட அதிகம் என்பதை மறைக்க முடியாது. பிப்ரவரி கார்னிவல் சமயத்திலும், மே முதல் அக்டோபர் வரை வார இறுதிகளிலும் டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) கட்டில்கூட எட்டாத விலைக்குப் போகும். கட்டடம் பழையது என்பதால் லிஃப்ட் இல்லாமல் மூன்றாம் மாடி, குளியலறை வெளியே, ஜன்னலைத் திறந்தால் கால்வாயின் கொசு என்று சில சங்கடங்கள் இருக்கும்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டால் இந்த அதிக வாடகையில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம். ஸ்டேஷனிலிருந்து சான் மார்கோ முக்கால் மணி நேரத்துக்குள் நடை, அதுவும் வழிதவறும் நேரத்தையும் சேர்த்து. மத்தியானம் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் காலை நீட்டிவிட்டு மறுபடி கிளம்பலாம். ஜூலை வெயிலில் இதன் அருமை தெரியும். இத்தாலியில் அடிக்கடி போக்குவரத்து வேலைநிறுத்தம் அறிவிப்பார்கள். அன்றைக்குப் படகும் ரயிலும் குறைந்த அளவில்தான் ஓடும். தீவில் தங்கியவருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

ஒரே ஒரு ராத்திரிதான் வெனிஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், தீவுதான். ஒரு ராத்திரிக்கு வித்தியாசம் 20, 25 யூரோ. அதை மிச்சம் பிடிக்க மெஸ்த்ரேக்குப் போனால், வெனிஸுக்கு வந்ததற்கான காரணமே கையை விட்டுப் போகும்.

## மடத்து விருந்தினர் விடுதிகள்

இணையத்தில் ஹாஸ்டல் என்று மட்டும் தேடுகிறவர்களின் கண்ணில் படாத ஒரு வகை இது. கன்னியர் மடங்களும் திருச்சபை அமைப்புகளும் தங்கள் கட்டடத்தின் ஒரு பகுதியை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. உள்ளூரில் ஃபொரெஸ்தெரியா என்பார்கள். சாந்தா மரியா ஃபொர்மோசா சதுக்கத்துக்குப் பக்கத்தில் கவாஞிஸ் மாளிகையில் இயங்கும் 'ஃபொரெஸ்தெரியா வால்தேசே' வால்டென்ஸிய, மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைகளைச் சேர்ந்தது. ஓவியம் தீட்டிய கூரை கொண்ட கூடங்கள் அதில் இருக்கின்றன. வேறு பல இடங்கள் கத்தோலிக்கக் கன்னியர் நடத்துபவை.

தங்க வருகிறவர் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. அறை எளிமையாக, துப்புரவாக இருக்கும். கட்டில், மேஜை, சுவரில் சிலுவை, பெரும்பாலும் தனிக் குளியலறை. டார்ம் அபூர்வம், ஒருவர் அறை, இருவர் அறை என்றுதான் இருக்கும். அதனால் தனியாகப் போகிறவருக்கு இது மலிவு இல்லை. இரண்டு பேராகப் போனால், அதிலும் அம்மாவும் மகளுமாகவோ வயதான தம்பதியாகவோ போனால், தீவுக்குள் இதைவிட நல்ல பேரம் கிடைப்பது கஷ்டம். ஹாஸ்டலில் ஆளுக்கு 50 கொடுத்து அந்நியர் ஆறு பேரோடு படுப்பதற்கு, இங்கே 55 கொடுத்துக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தூங்கலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பல இடங்களில் ராத்திரி பதினொன்று, பதினொன்றரைக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள். சாவி தருவதா இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறும். முன்பதிவு சில சமயம் மின்னஞ்சல் வழியாகத்தான்; பதில் வர நாளாகும். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வைக்க வேண்டிய அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தாமதம் ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் முதலில் இலவச ரத்து உள்ள ஏதாவது ஒரு ஹாஸ்டலைப் போட்டு விசா வாங்கிக்கொண்டு, மடத்திலிருந்து பதில் வந்தபின் மாற்றிக்கொள்ளலாம். கடைசி ரத்துத் தேதியை மட்டும் போன் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

## ஜுடெக்கா

சான் மார்கோவுக்கு எதிர்க் கரையில் நீளமாகக் கிடக்கும் தீவு. இதன் ஓரத்தில், சித்தெல்லே துறைக்குப் பக்கத்தில், பழைய தானியக் கிடங்கு ஒன்றில் 'ஜெனரேட்டர்' ஹாஸ்டல் இருக்கிறது. அதற்கு முன்னால் அதே கட்டடம் வெகுகாலம் இளைஞர் விடுதியாக இருந்தது. வாசலில் வந்து நின்றால் எதிரே டோஜ் அரண்மனை, மணிக்கூண்டு, சால்யூட்டே தேவாலயத்தின் குவிமாடம் மூன்றும் ஒரே பார்வையில். ஐந்து நட்சத்திர ஓட்டலில் இந்தக் காட்சிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

தீவு அமைதியானது. கடை குறைவு, துணி காயும் கொடிகள் அதிகம். கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த ரெதெந்தோரே தேவாலயம் இங்கேதான். 1575-77 கொள்ளைநோய் தீர்ந்ததற்கு நன்றியாகக் கட்டியது. ஜூலை மூன்றாம் வார இறுதியில் அதன் திருவிழாவுக்கு மட்டும் கால்வாயின் குறுக்கே தற்காலிக மிதவைப் பாலம் போடுவார்கள். அப்போது நகரத்திலிருந்து நடந்தே வரலாம். அன்று ராத்திரி வாணவேடிக்கை. கட்டில் விலையும் அன்றைக்கு வேடிக்கைதான்.

மற்ற நாளெல்லாம் படகு இல்லாமல் தீவை விட்டு வெளியே வர முடியாது. ஜுடெக்காவின் மறைமுகச் செலவு இதுதான். தீவுக்குள்ளிருக்கும் ஹாஸ்டலைவிட ராத்திரிக்கு 10 யூரோ மலிவு என்று நினைத்துப் பதிந்தவர், 72 மணி நேரப் பாஸுக்கு 45 யூரோ கொடுத்ததும் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் கொட்டியிருப்பார். போதாததற்கு, ராத்திரிப் படகு உண்டென்றாலும் இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் காற்றடிக்கும் மிதவைத் துறையில் காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் பனிமூட்டம் அடர்ந்தால் படகுத் தடங்களை மாற்றுவார்கள்.

அப்படியானால் ஜுடெக்கா யாருக்குச் சரி? எப்படியும் முரானோ, புரானோ, டொர்ச்செல்லோ, லிடோ கடற்கரை என்று படகிலேயே சுற்றப் போகிறவருக்கு. அவர் எங்கே தங்கினாலும் பாஸ் வாங்கத்தான் போகிறார். அப்போது பாஸ் கூடுதல் செலவு ஆகாது, வாடகையில் குறைவது நிஜமாகவே மிச்சம். ஒரு வாரம் தங்குகிறவருக்கும் பொருந்தும். ஏழு நாள் பாஸ் 65 என்பது நாளுக்கு 10 யூரோவுக்குக் கீழே வருகிறது. 29 வயது வரை உள்ளவர்கள் 'ரோலிங் வெனிஸ்' அட்டையை 6 யூரோவுக்கு வாங்கினால் மூன்று நாள் பாஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதைக் கவுண்டரில் கேட்டால்தான் சொல்வார்கள்.

## மெஸ்த்ரே

வெனிஸைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் மெஸ்த்ரேயை மட்டம் தட்டுவார்கள். கொஞ்சம் நியாயம், மீதி வீம்பு. சாதாரண இத்தாலிய டவுன். அடுக்குமாடிகள், பஸ், டிராஃபிக். ஸ்டேஷனையொட்டி 'ஆன்டா', 'ஏ அண்ட் ஓ' என்று பெரிய பெரிய ஹாஸ்டல்கள் வந்துவிட்டன. லிஃப்ட் உண்டு, ஏசி உண்டு, பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் உண்டு. சூட்கேஸை ரயிலிலிருந்து இறக்கி உருட்டிக்கொண்டே அறை வரை போகலாம். ஒரு படி ஏற வேண்டாம்.

ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாந்தா லூசியா. பஸ்ஸில் கால் மணி நேரத்தில் பியாசாலே ரோமா. டிக்கெட் ஒன்றரை யூரோவுக்குச் சற்று முன்னே பின்னே. காகித ரயில் டிக்கெட்டைப் பிளாட்பாரத்தில் இருக்கும் பெட்டியில் செருகி முத்திரை குத்தாமல் ஏறினால், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுவீர்கள்.

சாப்பாட்டில் மெஸ்த்ரேயை அடிக்க ஆளில்லை. வங்காளதேசத்துக்காரர்கள் இங்கே நிறைய. பக்கத்திலிருக்கும் மார்கேராவின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் பல. ஸ்டேஷனுக்கு எதிரே வியா பியாவே தெருவிலும் அதன் கிளைகளிலும் அவர்களின் மளிகைக் கடைகளில் பச்சை மிளகாய், கொத்தமல்லி, பாசுமதி, மசூர் பருப்பு எல்லாம் கிடைக்கும். ஒரு வாரமாகப் பிட்சாவும் பாஸ்தாவும் தின்று நாக்கு செத்துப்போனவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஹாஸ்டலில் விருந்தினர் சமையலறை இருந்தால் நாலு பேர் குடும்பத்துக்கு ராத்திரிச் சாப்பாடு 10 யூரோவுக்குள் முடியும்.

குறைகளுக்கு வருவோம். மார்ச் முதல் மே வரை இத்தாலியப் பள்ளிகளின் சுற்றுலாக் காலம்; பெரிய ஹாஸ்டல்களில் ஒரு தளம் முழுக்கப் பதினாறு வயசுப் பிள்ளைகள் இறங்கியிருப்பார்கள், ராத்திரி ஒரு மணிக்கும் தாழ்வாரத்தில் ஓட்டம் நிற்காது. லேசாகத் தூங்குகிறவர்கள் அந்த மாதங்களில் வேறு இடம் பார்க்கலாம். ஸ்டேஷன் சுற்றுப்புறம் ராத்திரியில் அழகாக இருக்காது. எந்த இத்தாலிய ஊரின் ஸ்டேஷன் பக்கமும் எப்படியோ அப்படி. ஹாஸ்டல் ஸ்டேஷனின் எந்தப் பக்கம் இருக்கிறது, வாசல் வரை வெளிச்சம் உள்ள தெருவா என்று வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது போதும்.

பெரிய இழப்பு, முன்னால் சொன்ன அந்த இரண்டு நேரங்கள்தான். நள்ளிரவு வாக்கில் ரயில் குறைந்துவிடும், அதற்கப்புறம் ராத்திரி பஸ். வண்டி இருக்கிறதே என்று சொல்லலாம். ஆனால் எட்டரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்போம் என்பதுதான் நடைமுறை. மத்தியான ஓய்வும் இல்லை. அறைக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் யாரும் போக மாட்டார்கள், களைப்போடு சுற்றி ஐந்து மணிக்கே சலித்துப்போய்த் திரும்புவார்கள்.

குழந்தைகளோடு குடும்பமாகப் போகிறவர்கள், பெரிய பெட்டி உள்ளவர்கள், வெனிஸை வைத்துக்கொண்டு வெரோனா, பதுவா என்று ரயிலில் சுற்ற நினைப்பவர்கள், மறுநாள் விடிகாலையில் விமானம் பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் மெஸ்த்ரே நல்ல முடிவு. மார்கோ போலோ விமான நிலையத்துக்கு இங்கிருந்து நேரடி பஸ் இருக்கிறது. மூன்று ராத்திரியில் ஒரு நாளாவது ஐந்தரைக்கு எழுந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, விடிகிற நேரத்தில் ரியால்டோவில் நிற்கத் தயாராக இருந்தால் இழப்பில் பாதி சரியாகிவிடும்.

## ஃபுஸீனா முகாம்

நிலப்பகுதியின் காயல் ஓரத்தில் ஃபுஸீனாவில் முகாம் மைதானம் உண்டு. கூடாரம், சின்ன மரக் குடில். கோடையில் கட்டில் விலை இதுதான் குறைவு. படகு நேராகச் சாத்தெரே கரைக்குப் போகும். ஆனால் அது தனியார் படகு, வாப்பரெட்டோ பாஸ் செல்லாது. ராத்திரி சீக்கிரம் நின்றுவிடும். கொசு உண்டு. சொந்த வண்டியில் வருகிறவருக்கும் கூடாரத்தில் தூங்கிப் பழகியவருக்கும் சரி. சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பதுவாவில் தங்கி வெனிஸ் பார்ப்பது

இது அடிக்கடி வரும் யோசனை. ரயிலில் அரை மணியிலிருந்து ஐம்பது நிமிடம், வட்டார ரயிலில் ஒரு வழிக்கு 5 யூரோ அளவில். அறை வெனிஸைவிட மலிவு, ஊரும் அழகு, 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தால் மாணவர் கூட்டம், அதற்கேற்ற விலையில் சாப்பாடு.

வெனிஸுக்காக மட்டும் இங்கே தங்குவது கணக்குக்கு ஒத்துவராது. நாளுக்கு 10 யூரோ ரயிலுக்கே போகும். நுழைவுக் கட்டண நாளாக இருந்தால் அதுவும் சேரும். மெஸ்த்ரேயில் கட்டில் விலை ஏறக்குறைய இதேதான். ஆனால் பதுவாவையே பார்க்க வேண்டும் என்றால் கதை வேறு. ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் தீட்டி முடித்த ஸ்க்ரோவெஞி சிற்றாலய ஓவியங்களுக்காகவே ஊருக்கு ஒரு நாள் கொடுக்கலாம். அதற்கு நேரம் குறித்து முன்பதிவு வேண்டும். பதுவை அந்தோணியார் என்று நம்மூர்க் கோவில்களில் கும்பிடும் புனிதரின் கல்லறையும் இங்கே பசிலிக்காவுக்குள் இருக்கிறது. அவருக்கு நேர்ச்சை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு ராத்திரி பதுவா, ஒரு ராத்திரி வெனிஸ் தீவு என்று பிரிப்பது எல்லா வகையிலும் நல்லது. வெனிஸைப் பகலில் மட்டும் எட்டிப்பார்க்கிறவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் போனால் நுழைவுக் கட்டணமும் இல்லை, கூட்டமும் வடிய ஆரம்பித்திருக்கும்.

## மூன்று ராத்திரிக்கு ஒருவர் கணக்கு

வாடகை, ஒப்பிடுவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். தேதிக்குத் தேதி மாறும். போகும் தேதிக்கு வரும் விலையைப் போட்டு இதே மாதிரி கூட்டிப் பாருங்கள். தங்கல் வரி சேர்க்கவில்லை.

| இடம் | வாடகை (யூரோ) | போக்குவரத்து | மொத்தம் | புரானோவும் போனால் |
|---|---|---|---|---|
| தீவு ஹாஸ்டல் | 50 × 3 = 150 | நடை | 150 | 24 மணிப் பாஸ் சேர்த்து 175 |
| மடம், இருவர் அறையில் ஒருவர் பங்கு | 55 × 3 = 165 | நடை | 165 | 190 |
| ஜுடெக்கா | 40 × 3 = 120 | 72 மணிப் பாஸ் 45 | 165 | அதே 165 |
| மெஸ்த்ரே | 28 × 3 = 84 | மூன்று நாள் பஸ் 9 | 93 | சுமார் 115 |
| பதுவா | 28 × 3 = 84 | மூன்று நாள் ரயில் 30 | 114, நுழைவுக் கட்டண நாட்களில் 129 முதல் 144 | பாஸ் சேர்த்து அதற்கு மேல் |

காசு மட்டுமே பேச்சு என்றால் மெஸ்த்ரே தெளிவாக ஜெயிக்கிறது. தீவுக்கும் மெஸ்த்ரேக்கும் மூன்று ராத்திரியில் 57 யூரோ வித்தியாசம். நாலு பேர் குடும்பத்துக்கு அது 228 யூரோ, கிட்டத்தட்ட 23 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்குத் தீவில் தங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாகப் போகும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு 57 யூரோ என்பது மூன்று காலை, மூன்று ராத்திரி. அவருக்குத் தயங்காமல் தீவு என்பேன். ஜுடெக்கா விஷயத்தில் அட்டவணையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்: புரானோ போகாதவருக்கு அது தீவைவிட விலை அதிகம், போகிறவருக்கு விலை குறைவு.

## பதிவதற்கு முன் விளம்பரத்தில் தேட வேண்டியவை

'வெனிஸ் மையத்திலிருந்து 8 கி.மீ.' என்று போட்டிருந்தால் அது மெஸ்த்ரே, மார்கேரா, அல்லது விமான நிலையம் பக்கம். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இல்லாத மெஸ்த்ரே விடுதியை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம். நாளுக்கு இரண்டு பஸ் மாறினால் மலிவுக்கு அர்த்தமில்லை.

துண்டு வாடகைக்கா, பூட்டு சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமா, அறையைக் காலி செய்தபின் பெட்டியை வைக்கக் காசு உண்டா என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு ஆகிவிடும். கடைசிக் கேள்வி தீவில் முக்கியம். சாந்தா லூசியாவில் கட்டண லக்கேஜ் அறை இருக்கிறது, ஆனால் விடுதியிலேயே இலவசமாக வைக்க முடிந்தால் கடைசி நாள் முழுக்கக் கையில் கிடைக்கும். 'மிக்ஸ்டு டார்ம்' என்றால் ஆணும் பெண்ணும் ஒரே அறை. படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதிந்து, அங்கே போய் அதிர்ச்சி அடைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிசப்ஷனில் பாஸ்போர்ட் வாங்கி விவரம் பதிந்துகொள்வார்கள்; போலீஸுக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம், பயப்பட ஒன்றுமில்லை.

நவம்பர் முதல் ஜனவரி வரை, கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்து, தீவுக்குள்ளேயே கட்டில் விலை நன்றாக இறங்கும். வெள்ளம் வருமே என்று கேட்பார்கள். 2019 நவம்பர் 12-இல் கடல்மட்டம் 187 சென்டிமீட்டர் வரை ஏறிய நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து காயலின் வாய்களில் 'மோசே' என்ற மதகுகளை உயர்த்தி, பெரிதாக ஏறிவரும் கடல்நீரைத் தடுத்துவிடுகிறார்கள். சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடம் என்பதால் அங்கே மட்டும் எப்போதாவது கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தரைத்தள அறையை மட்டும் தவிர்த்துவிட்டு, அந்த மாதங்களில் மெஸ்த்ரே விலைக்குச் சற்று மேலே தீவுக் கட்டில் கிடைத்தால் உடனே பதிந்துவிடலாம்.